பிரிட்டனில் 3டி, 4டி நம்பர் பிளேட்: எது செல்லும், எது செல்லாது, எப்படி வாங்குவது

பிரிட்டனுக்கு வந்து முதல் கார் வாங்கியவர்களுக்காக எழுதியது இது. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று எந்தப் பக்கம் போனாலும் புடைத்த எழுத்து நம்பர் பிளேட்டுகளைப் பார்க்கலாம். நமக்கும் ஒன்று மாட்டினால் என்ன என்று தோன்றும். இணையத்தில் தேடினால் ஒருவர் சட்டப்படி சரி என்பார், இன்னொருவர் ஆயிரம் பவுண்டு அபராதம் என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். அவர்கள் பேசுவது வேறு வேறு தகடுகளைப் பற்றி. பணம் கொடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. முதலில் விடை

எழுத்து தகட்டின் மேல் புடைத்து நிற்பது குற்றமில்லை. 3டி ஜெல், 4டி அக்ரிலிக் இரண்டையும் காரில் மாட்டி ஓட்டலாம். எழுத்தின் வடிவம், அளவு, இடைவெளி, நிறம், தகட்டின் தரம் ஆகிய ஐந்தும் விதிப்படி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒன்று தவறினாலும் தகடு செல்லாது. சாதாரணத் தட்டை எழுத்துத் தகட்டுக்கும் இதே விதிதான்.

இதற்கான சட்டம் 2001-ஆம் ஆண்டின் வாகனப் பதிவெண் காட்சி ஒழுங்குவிதிகள். நடைமுறைப்படுத்துவது ஸ்வான்சீயில் இருக்கும் டி.வி.எல்.ஏ. என்ற ஓட்டுநர், வாகன உரிம முகமை. விதி மீறிய தகட்டோடு பிடிபட்டால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே 100 பவுண்டு அபராதச் சீட்டு. வழக்காகி நீதிமன்றம் போனால் 1,000 பவுண்டு வரை போகலாம். எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையிலும் வண்டி தேறாது. பணம் கொடுத்து வாங்கிய சொந்த எண்ணைத் தொடர்ந்து தப்பாகக் காட்டினால், அந்த எண்ணையே டி.வி.எல்.ஏ. திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த காசு திரும்பாது.

2. அளவு நாடாவை எடுங்கள்

கடைக்காரர் சொல்வதை விட மில்லிமீட்டர் கணக்கை நம்புங்கள். காருக்கான அளவுகள் இவை:

எழுத்தின் உயரம் 79 மி.மீ.
எழுத்தின் அகலம் 50 மி.மீ. ஒன்று என்ற இலக்கத்துக்கும் ஐ என்ற எழுத்துக்கும் இந்த அகலம் வராது, கோட்டின் தடிமன் மட்டும்தான்.
கோட்டின் தடிமன் 14 மி.மீ.
எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 11 மி.மீ.
முதல் தொகுதிக்கும் இரண்டாம் தொகுதிக்கும் இடையே 33 மி.மீ.
சுற்றிலும் விளிம்பு குறைந்தது 11 மி.மீ.
இரண்டு வரித் தகடானால் வரிகளுக்கு இடையே 19 மி.மீ.

மோட்டார் சைக்கிளுக்கு வேறு அளவு: உயரம் 64, அகலம் 44, தடிமன் 10, எழுத்து இடைவெளி 10, தொகுதி இடைவெளி 30.

இந்த எண்களை வைத்து நீங்களே ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். இப்போது வழங்கப்படும் எண்கள் 'ஏபி23 சிடிஇ' என்ற அமைப்பில் ஏழு எழுத்துகள் கொண்டவை. ஏழு எழுத்து 350 மி.மீ., ஐந்து சிறு இடைவெளி 55, நடுவில் ஒரு பெரிய இடைவெளி 33, இரு பக்க விளிம்பு 22. மொத்தம் 460 மி.மீ. ஆக, இலக்கத்தில் ஒன்று வராத ஏழெழுத்து எண்ணை ஒரே வரியில் எழுத 460 மி.மீ. நீளம் கட்டாயம் வேண்டும். ஒன்று ஒருமுறை வந்தால் 36 மி.மீ. குறைந்து 424 ஆகும். சாதாரணமாக விற்கும் தகடு 520 மி.மீ. நீளம், 111 மி.மீ. உயரம். அதனால்தான் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் தெரிகிறது.

'ஷார்ட் பிளேட்' என்று குட்டையாக வெட்டித் தருகிறார்களே, அது சரியா? கணக்குக்குள் நின்றால் சரி. 'ஏ1 பிசிடி' போன்ற ஐந்தெழுத்துச் சொந்த எண்ணுக்கு 302 மி.மீ. போதும், அதற்கு 520 மி.மீ. தகடு மாட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒன்று இருமுறை வராத ஏழெழுத்து எண்ணை 400 மி.மீ. தகட்டில் அடக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எழுத்தை ஒல்லியாக்கியிருப்பார் அல்லது நடு இடைவெளியை விழுங்கியிருப்பார். எப்படியானாலும் செல்லாது.

இரண்டு வரிச் சதுரத் தகடுக்கும் இதே கணக்கு. மேல் வரியில் நான்கு எழுத்து வந்தால் அகலம் 255, உயரம் 199. கடையில் கிடைக்கும் 279-க்கு 203 அளவுத் தகட்டில் இது அடங்கும்.

இடைவெளியில்தான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். சொந்த எண்ணைப் பெயர் போலப் படிக்க வைப்பதற்காக நடு இடைவெளியை நகர்த்துவது, இரண்டு தொகுதியையும் ஒட்டிவிடுவது, திருகாணியைக் கறுப்பாக்கி ஓர் எழுத்தை வேறு எழுத்தாகக் காட்டுவது எல்லாமே குற்றம். திருகாணி எழுத்தின் தோற்றத்தை மாற்றக்கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. முன்பக்கத் தகட்டில் வெள்ளை மூடி, பின்பக்கத்தில் மஞ்சள் மூடி போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

எழுத்து வடிவமும் ஒன்றுதான்: சார்ல்ஸ் ரைட் எனப்படும் வடிவம். சாய்ந்த எழுத்து, கையெழுத்து போல வளைந்த எழுத்து, நடுவில் கீறல் விழுந்த ஸ்டென்சில் எழுத்து எதற்கும் அனுமதி இல்லை.

3. கடையில் காட்டும் வகைகள், ஒவ்வொன்றாக

3டி ஜெல்: பிசின் எழுத்தை ஒட்டி, குவிந்த மேற்பரப்பாகத் தெரியும். விதி அனுமதிக்கிறது. மலிவான ஜெல்லின் ஓரம் காலப்போக்கில் கிளம்பும். பிரஷர் வாஷ் பீய்ச்சும்போது ஓர் எழுத்து பிய்ந்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் தகடு செல்லாத தகடு.

4டி: லேசரால் வெட்டிய அக்ரிலிக் எழுத்து. 3 மி.மீ., 5 மி.மீ. தடிப்புகள் அதிகம் விற்கின்றன. இதையும் விதி தடுக்கவில்லை. அச்சிட்ட எழுத்தின் மேலேயே அக்ரிலிக்கை ஒட்டும் கடைகள் உண்டு. அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரியும். வாங்கும்போது நேராகவும் சாய்வாகவும் பாருங்கள். தனி எழுத்துகளை வாங்கிப் பழைய தகட்டின் மேல் வீட்டிலேயே ஒட்டும் வேலை வேண்டாம். இடைவெளி தவறும், அந்தத் தகட்டின் தரச் சான்றுக்கும் பொருள் இருக்காது.

டாக்சி, பிரைவேட் ஹயர் ஓட்டுபவர்கள் கவனிக்க: பொதுச் சட்டம் அனுமதித்தாலும் உங்களுக்கு உரிமம் தந்த மாநகராட்சி தன் நிபந்தனைகளில் தடுத்திருக்கலாம். வுல்வர்ஹாம்ப்டன் தன்னிடம் உரிமம் பெற்ற வண்டிகளில் 3டி, 4டி தகடுகளைத் தடை செய்திருக்கிறது. வேறு ஊரில் ஓட்டினாலும் அந்த உரிமம் வைத்திருப்பவருக்குத் தடை பொருந்தும். உரிம நிபந்தனையைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இரட்டைச் சாயல், கார்பன் கோடு: எழுத்தின் கறுப்பில் சாம்பல் நிழல், கார்பன் வலைக்கோலம் எல்லாம் 1.9.2021 முதல் மாட்டும் தகடுகளுக்கு இல்லை. எழுத்து ஒரே கறுப்பாக இருக்க வேண்டும், ஒளியைத் திருப்பக் கூடாது. பின்னணியில் எந்தக் கோலமும் கூடாது.

புகைச்சாயம்: தகட்டின் மேல் கருஞ்சாய ஒட்டுப்படம் அல்லது கறுப்புக் கண்ணாடி மூடி. செல்லாது. விவாதமே இல்லை.

கோஸ்ட் பிளேட்: கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும், கேமராவுக்கு வெள்ளையாகவோ மங்கலாகவோ தெரியும் தகடு. இதை அழகுக்காக மாட்டினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அபராதத்தைத் தவிர்க்கும் நோக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். கேமராவை ஏமாற்றும் ஸ்ப்ரே என்று விற்பதையும் தொடாதீர்கள்.

ஷோ பிளேட்: புதியவர்கள் விழும் குழி இதுதான். கண்காட்சிக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் என்று சொல்லி விற்கும் தகடு. விரும்பிய எழுத்து, விரும்பிய இடைவெளி, விரும்பிய சின்னம், எந்த ஆவணமும் கேட்கமாட்டார்கள். இணையப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'சாலையில் பயன்படுத்த அல்ல' என்று ஒரு வரி இருக்கும். அதை மாட்டிச் சாலையில் ஏறினால் குற்றம் உங்களுடையது. விற்றவர் அந்த ஒரு வரியைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்.

கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்து: பார்க்க அழகுதான். 1.1.1980-க்கு முன் தயாரித்து, டி.வி.எல்.ஏ.விடம் 'ஹிஸ்டாரிக்' வரிப் பிரிவில் பதிந்த வண்டிக்கு மட்டும். உங்கள் 2016 மாடல் கோல்ஃப் காருக்குக் கிடையாது.

4. ஆவணங்கள்

தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. அலுவலக வாசல் ஸ்டிக்கர் கடையில் எண்ணைச் சொன்னால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுதித் தந்துவிடுவார்கள். இங்கே அந்த முறை இல்லை. டி.வி.எல்.ஏ.விடம் பதிவு பெற்ற விற்பனையாளர் மட்டுமே தகடு விற்கலாம். அவர் இரண்டு விஷயங்களை ஆவணத்தோடு பார்த்தே ஆக வேண்டும்: நீங்கள் யார், இந்த எண்ணைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டா. பார்த்த விவரத்தைப் பதிவேட்டில் குறித்தும் வைக்க வேண்டும். ஆகவே ஆவணம் கேட்காத கடையைக் கண்டால் திரும்பி நடங்கள். நல்ல கடையையும் கள்ளக் கடையையும் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

நீங்கள் யார் என்பதற்கு, பெயரும் முகவரியும் காட்டும் ஒன்று:
ஓட்டுநர் உரிமம், கடந்த 6 மாதத்துக்குள் வந்த மின்சார, எரிவாயு அல்லது கவுன்சில் டாக்ஸ் பில், கடந்த 6 மாதத்துக்குள் வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, தேசிய அடையாள அட்டை.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும், ஆனால் அது பெயரை மட்டுமே உறுதிசெய்யும். வங்கி டெபிட் அட்டைக்கும் அதே நிலைதான். வந்து சில மாதமே ஆனவர்களுக்கு வங்கி அறிக்கைதான் வசதி. வங்கிச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் சில கடைகள் ஏற்காது. வங்கியிடம் கேட்டுத் தாளாக வாங்கி வையுங்கள்.

எண்ணுக்கான உரிமைக்கு, இவற்றில் ஒன்று:
லாக் புக் எனப்படும் வி5சி. வண்டி வாங்கிய அன்று விற்றவர் கிழித்துத் தந்த பச்சைச் சீட்டான வி5சி/2. சொந்த எண் வாங்கியிருந்தால் உரிமைச் சான்றான வி750. எண்ணைக் கழற்றி வைத்திருந்தால் வி778. சாலை வரி நினைவூட்டுக் கடிதமான வி11. குத்தகை வண்டியானால் நிறுவனம் தரும் வி948 அல்லது அதன் மின்வடிவம்.

மூலப் பிரதிகளைக் கொண்டுபோக வேண்டும். நகல் செல்லாது. இணையத்தில் வாங்கினால் ஆவணப் படத்தைப் பதிவேற்றச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் மேலே சொன்னதுதான், வெளியேறிவிடுங்கள். பதிவு பெற்ற விற்பனையாளர் யார் என்பதை அரசின் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடலாம்.

வழக்கமாக இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, லாக் புக் இன்னும் வரவில்லை என்று காத்திருப்பது. பச்சைச் சீட்டு கையில் இருந்தால் அதை வைத்தே தகடு வாங்கலாம். இரண்டாவது, குத்தகைக் கார். அதன் லாக் புக் உங்களிடம் இருக்காது, நிறுவனத்திடம்தான் இருக்கும். தகடு உடைந்தாலும் அவர்களிடம் வி948 கேட்டு வாங்க வேண்டும். பி.சி.பி. தவணையில் வாங்கிய காருக்குப் பெரும்பாலும் லாக் புக் உங்கள் பெயரிலேயே வரும், அதனால் இந்த அலைச்சல் இல்லை.

வண்டி வாங்கி நான்கு வாரம் கழித்தும் லாக் புக் வராவிட்டால் வி62 படிவம் போடுங்கள். பச்சைச் சீட்டு இருந்தால் கட்டணம் இல்லை. அதையும் தொலைத்திருந்தால் 25 பவுண்டு. பச்சைச் சீட்டைப் பத்திரமாக வைக்க இது போதுமான காரணம்.

5. விலையும் நேரமும்

சாதாரணத் தகடு முன்னும் பின்னுமாக ஒரு ஜோடி ஏறக்குறைய 20 முதல் 35 பவுண்டு. 3டி, 4டி என்றால் அதைவிடக் கூட; 40-லிருந்து 80 வரை கேட்பார்கள். ஊர்க் கடைகளிலும் பெரிய கார் உதிரிபாகக் கடைகளிலும் சாதாரணத் தகட்டைக் காத்திருக்கும்போதே அச்சிட்டுத் தருவார்கள். 4டி-க்கு அக்ரிலிக் வெட்ட வேண்டியிருப்பதால் சில கடைகள் மறுநாள் வரச் சொல்லும். இணையத்தில் ஆவணம் சரிபார்த்த பிறகே அச்சுக்குப் போகும். வெள்ளிக்கிழமை மாலை ஆர்டர் போட்டுவிட்டு சனிக்கிழமை எதிர்பார்க்க வேண்டாம்.

6. கையில் வாங்கியதும் பாருங்கள்

தகட்டின் கீழ் விளிம்பில் விற்பனையாளரின் பெயரும் அஞ்சல் குறியீடும் இருக்க வேண்டும். பி.எஸ். ஏ.யு. 145இ என்ற பிரிட்டிஷ் தரக் குறியும் இருக்க வேண்டும். 1.9.2021-க்குப் பிறகு மாட்டும் எல்லாத் தகட்டுக்கும் இந்த 'இ' பதிப்புதான். அதற்கு முன்பே மாட்டிய தகட்டில் 145டி இருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றத் தேவையில்லை. விளிம்பெழுத்து சின்னதாகவும் அழகைக் கெடுப்பதாகவும் தோன்றும். அது வேண்டாம், வெறுமையாகத் தருகிறேன் என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். சாலையோரத்தில் போலீஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த வரியைத்தான்.

பின்பு அளவு நாடாவை வைத்து 79, 14, 11, 33 நான்கையும் அளந்து பாருங்கள். தவறாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் மஞ்சள். இரண்டிலும் எழுத்து கறுப்பு. மாற்றி மாட்டியவர்களும் உண்டு.

மாட்டும்போது: பழைய பசை நாடாவை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு ஒட்டுங்கள். குளிர்காலத்தில் நனைந்த பம்பரில் ஒட்டினால் நாடா பிடிக்காது. நெடுஞ்சாலையில் முன் தகடு பறந்து போனதும் தெரியாது. திருகாணி போடுவதானால் துளை எழுத்தில் விழாமல் குறியுங்கள். 4டி எழுத்தின் மேல் திருகாணி ஏறினால் அக்ரிலிக் விண்டுவிடும்.

பின் தகட்டு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சேறு, பனி அப்பிய தகடும் மறைத்த தகடாகவே கருதப்படும். பின்னால் சைக்கிள் தாங்கியோ டிரெய்லரோ மாட்டி நம்பர் மறைந்தால், அதே எண்ணில் இன்னொரு மஞ்சள் தகடு அதன் மேல் வேண்டும். அதற்கும் ஆவணம் காட்டித்தான் வாங்க வேண்டும்.

7. கொடி, சின்னம், பச்சைப் பட்டை

தகட்டின் இடது ஓரத்தில் யூனியன் கொடி, இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் சிலுவை, ஸ்காட்லாந்தின் சால்டயர், வேல்ஸின் சிவப்பு டிராகன் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. மற்றக் கொடிகளுக்கு இல்லை. ஊர்க் கொடி, கோயில் சின்னம், கிரிக்கெட் அணியின் முத்திரை, வேல், ஓம் எதையும் தகட்டில் போட முடியாது. பின் கண்ணாடியில் பார்வை மறைக்காத இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

இடப்பக்கப் பச்சைப் பட்டை 8.12.2020 முதல் வந்தது. புகைக்குழாயிலிருந்து எதுவும் வெளிவராத வண்டிக்கு மட்டும். ஹைபிரிட் காருக்கு, பிளக்-இன் ஆனாலும், கிடையாது. மின்சாரக் காருக்கும் கட்டாயமில்லை.

பாரிஸுக்கோ ஜெர்மனியில் உறவினர் வீட்டுக்கோ காரில் போவதானால் ஒரு குறிப்பு. 28.9.2021 முதல் 'ஜிபி' என்ற அடையாளம் வெளிநாட்டில் செல்லாது, 'யுகே' வேண்டும். யூனியன் கொடியோடு 'யுகே' அச்சிட்ட தகடு இருந்தால் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கு அதுவே போதும். மற்றவர்கள் பின்பக்கம் 'யுகே' ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்பெயின், சைப்ரஸ், மால்டா மூன்றிலும் தகட்டில் என்ன இருந்தாலும் ஸ்டிக்கர் கட்டாயம்.

8. சொந்த எண் வேண்டுமென்றால்

தகட்டின் தோற்றத்தை மாற்ற முடியாது, எண்ணை மாற்றலாம். பெயரின் முதலெழுத்து, ராசி எண், பிறந்த நாள் என்று தேடுபவர்களுக்கு நேர்வழி இதுதான்.

டி.வி.எல்.ஏ.வின் தளத்தில் எண்கள் 250 பவுண்டிலிருந்து தொடங்கும். எண்ணை வண்டிக்கு ஒதுக்கும் 80 பவுண்டு கட்டணம் அதிலேயே அடக்கம். ஏலத்தில் எடுத்தால் விழும் தொகைக்கு மேல் வரியும் கட்டணங்களும் சேரும், அதையும் கூட்டிக்கொண்டு கை தூக்குங்கள். வாங்கியதும் வி750 சான்று வரும். பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆனால் மறந்துவிட்டால் உரிமை போகும். நீங்கள் வாங்குவது எண்ணைக் காட்டும் உரிமை மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு கட்டுப்பாடு: வண்டியை அதன் வயதைவிடப் புதிதாகக் காட்டும் எண்ணைப் போட முடியாது. 2012 காருக்கு '20' என்ற ஆண்டுக் குறியுள்ள எண்ணை ஒதுக்கமாட்டார்கள். பழையதாகக் காட்டத் தடையில்லை. கியூ என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணையும் மாற்றி ஒதுக்க முடியாது.

வரிசை முக்கியம். முதலில் லாக் புக் உங்கள் பெயரில் கைக்கு வரட்டும். அதன் ஆவண எண் இல்லாமல் இணையத்தில் ஒதுக்க முடியாது. ஒதுக்கியதும் மாற்றம் உடனே நடந்துவிடும். அந்த நொடியிலிருந்து பழைய தகட்டோடு ஓட்டுவது குற்றம். ஆகவே புதுத் தகட்டை முன்கூட்டியே, வி750-ஐக் காட்டி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தகடு கையில் வந்த பிறகு, வண்டி வீட்டு வாசலில் நிற்கும் நாளில், இணையத்தில் பொத்தானை அழுத்துங்கள். அன்றே மாட்டிவிடுங்கள்.

அடுத்து, அதே நாளில் முடிக்க வேண்டியவை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் புது எண்ணைச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் கேமராவின் கண்ணில் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. சில நிறுவனங்கள் இந்த மாற்றத்துக்கு நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன்காரர்கள் யு.எல்.ஈ.இசட். (புகை அதிகம் விடும் வண்டிக்கான கட்டணம்), கன்ஜெஷன் சார்ஜ் (நகர மையத்தில் ஓட்டும் நெரிசல் கட்டணம்) தானியங்கிக் கணக்கில் எண்ணை மாற்ற வேண்டும். பழைய டீசல் வண்டிக்கு யு.எல்.ஈ.இசட். தினக் கட்டணம் 12.50 பவுண்டுதான். கணக்கில் எண் பொருந்தாமல் போனால் வரும் அபராதம் 180. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. டார்ட்ஃபோர்ட் பாலத்துச் சுங்கக் கணக்கு, கவுன்சிலின் பார்க்கிங் பெர்மிட், வேலையிடத்து வாகன நிறுத்தப் பட்டியல் ஆகியவற்றையும் மறக்காதீர்கள். புது லாக் புக் தபாலில் வரும்வரை வண்டியை விற்கவோ உடைக்கக் கொடுக்கவோ கூடாது.

வண்டியை விற்கும் முன் உங்கள் எண்ணைக் கழற்றி வையுங்கள். அதற்கு 80 பவுண்டு. வி778 ஆவணம் வரும். வண்டிக்குப் பெரும்பாலும் அதன் பழைய எண்ணே திரும்பும். பழைய தகடுகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் அந்த நாளில் உதவும். கழற்றாமல் விற்றால் எண்ணும் வண்டியோடு போய்விடும். வாங்கியவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

9. வாங்கிய பழைய காரிலேயே தப்பான தகடு இருந்தால்

செகண்ட் ஹாண்ட் கார் வாங்குபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். முந்தைய உரிமையாளர் ஆசையாக மாட்டிய தகடு உங்கள் தலையில் விழும். நான் மாட்டவில்லை என்பது பதிலாகாது, ஓட்டுபவர்தான் பொறுப்பு. வண்டியைப் பார்க்கப் போகும்போதே தகட்டின் கீழ் விளிம்பைப் பாருங்கள். பெயரும் தரக் குறியும் இல்லையென்றால் புதுத் தகட்டுக்கான செலவை விலையில் குறைக்கக் கேளுங்கள். வாங்கிய அன்றே பச்சைச் சீட்டோடு கடைக்குப் போய் 35 பவுண்டுக்குள் முடித்துவிடலாம்.

எம்.ஓ.டி. நெருங்குகிறதென்றால் அதற்கு முன் மாற்றுங்கள். காருக்கான சோதனைக் கட்டணத்தின் உச்சவரம்பு 54.85 பவுண்டு. தகட்டுக்காக மட்டும் தோற்றுவிட்டு மறுபடி வண்டியைக் கொண்டுபோவது வீண் அலைச்சல். சில கராஜ்களில் பதிவு பெற்ற விற்பனையாளராகவும் இருப்பார்கள். ஆவணத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தால் அங்கேயே மாட்டிவிட்டு வரலாம்.

போலீசார் நிறுத்தினால் வாதம் வேண்டாம். கடை ரசீதைக் காட்டி, 'லீகல் என்று சொல்லித்தான் விற்றார்கள்' என்பதும் எடுபடாது. தகட்டை மாற்றிச் சரிசெய்து காட்டச் சொல்லி விட்டுவிடுவதும் உண்டு, நேராகச் சீட்டு எழுதுவதும் உண்டு. அது அவர் முடிவு. இப்போதைய விதியில் இதற்கு உரிமத்தில் தண்டப் புள்ளி ஏறாது. ஆனால் நிறுத்திய சாக்கில் டயர், இன்சூரன்ஸ், கண்ணாடிச் சாயம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள்.

தகடு திருடு போனால் அன்றே போலீசின் 101 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். உங்கள் எண்ணை மாட்டிக்கொண்டு இன்னொருவர் பெட்ரோல் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம், வேகக் கேமராவில் சிக்கியிருக்கலாம். நீங்கள் போகாத ஊரிலிருந்து அபராதக் கடிதம் வந்தால், பணம் கட்டாமல், புகார் எண்ணையும் உங்கள் காரின் படத்தையும் சேர்த்து அனுப்பியவருக்கே மறுப்பு எழுதுங்கள், டி.வி.எல்.ஏ.வுக்கும் எழுதித் தெரிவியுங்கள். புதுத் தகடு வாங்கும்போது ஒருபக்கம் மட்டும் சுழலும் திருட்டுத் தடுப்புத் திருகாணியைச் சேர்த்துக் கேளுங்கள், சில பவுண்டுதான் ஆகும்.